தண்ணீர் தீட்டிய கப்பல்கள்

கடலூரிலிருந்து பண்ருட்டிக்குச் செல்லும் சாலையில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு, கரும்பு அரைவைக் காலமாயிருக்கும் பட்சத்தில், நெல்லிக்குப்பம் கண்ணுக்குத் தென்படுவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். 1842-ஆம் ஆண்டில் பாரி கம்பெனியார் இங்கே சர்க்கரை ஆலை தொடங்கிய நாளிலிருந்து எங்கள் ஊரின் கீர்த்திக்கு முதற்காரணமாயிருந்து வருவது அந்தப் பாகு மணந்தான். விண்கலங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் சர்க்கரை ஆலையில் ஏன் ஆரம்பிக்கிறான் என்று வாசகர்கள் வியக்க வேண்டாம். அந்த ஆலைச் சர்க்கரை சற்றுப் பின்னால் இந்த விஷயத்தில் ஒரு முக்கியமான சாட்சியம் சொல்ல வரப்போகிறது.

காலாண்டு விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன், இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடிக்க வேண்டிய அளவுக்குப் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான். ‘ட்விலைட் இம்பீரியம்’ என்பது அந்த விளையாட்டின் பெயர். 1997-இல் அமெரிக்காவில் முதன்முதலாக வெளிவந்து, 2017-இல் நான்காம் பதிப்பைக் கண்டது. ஆறு பேர் வரையில் சுற்றி உட்கார்ந்து, பகல் முழுவதும் நட்சத்திர மண்டலங்களைப் பிடித்துக்கொண்டும் பறிகொடுத்துக்கொண்டும் இருக்கலாம். நம்முடைய தாயக்கட்டத்தில் புளியங்கொட்டையும் சோழியும் செய்கிற வேலையை இதிலே 350-க்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் காய்கள் செய்கின்றன. பெரும்பாலானவை விண்கலங்கள், சிறியவை என் சுண்டுவிரல் நகத்தளவே உள்ளவை. அச்சிலிருந்து வந்தபடியே, ஆட்டக்காரருக்கு ஒரு நிறமாக, வெறும் பிளாஸ்டிக்காக இருந்த அவற்றுக்கெல்லாம் வர்ணம் பூசிவிட வேண்டுமென்றும், விடுமுறை முடிவதற்குள் பூசிவிட வேண்டுமென்றும் அவன் சங்கற்பம் செய்துகொண்டு வந்திருந்தான். ஒரு காய்க்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 350 மணி நேரம் ஆகும்; பத்து நாள் விடுமுறையிலே, உண்ணாமல் உறங்காமல் உட்கார்ந்தாலும் கிடைப்பது 240 மணிதான். இந்தக் கணக்கை நான் சொன்னபோது பையன் கொஞ்சமும் கலங்கவில்லை. “சீக்கிரமாப் பண்றதுக்கு வழி இருக்கு தாத்தா” என்றான்.

இவ்வகை விளையாட்டுக்குப் பெரியவர்களும் அடிமைப்படுவது புதிதன்று. எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர், பொம்மைச் சிப்பாய்களை வைத்து யுத்தம் நடத்துவதற்கான விதிகளை 1913-இலேயே ஒரு புத்தகமாகப் போட்டிருக்கிறார். ஆனால் சின்ன உருவங்களுக்கு விரைந்து வர்ணம் தீட்டும் வித்தையைக் கற்க இங்கிலாந்து வரையில் போவானேன்? கடலூரில் வண்டிப்பாளையமும், இந்தப் பக்கம் பண்ருட்டியும், நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை செய்து செய்தே பெயர் பெற்ற இடங்களாயிற்றே! ஆகையால் மறுநாட் காலையில் பையனையும் நாலைந்து கப்பல்களையும் அழைத்துக்கொண்டு பண்ருட்டிக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே எனக்கு வெகுநாள் பழக்கமான பொம்மைக்காரர் ஒருவர், திண்ணை முழுவதும் வரிசையாக நின்ற பிள்ளையார்களுக்கு நடுவே உட்கார்ந்து வேட்டிக் கரை போட்டுக்கொண்டிருந்தார். கப்பல் ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டென்று நாக்கின் நுனியில் வைத்து எடுத்தார். பையன் முகத்தைச் சுளித்தான்.

“ஒட்டலீங்களே. இது தண்ணி குடிக்காது சார். மண்ணுன்னா நாக்கிலே அப்பிடியே புடிச்சுக்கும். மொதல்ல சோப்புப் போட்டுக் கழுவுங்க. அச்சுலேருந்து வர்றதுக்கு என்னாத்தயாவது தடவியிருப்பாங்க.”

பௌதிக சாஸ்திரத்தில் ஓர் அத்தியாயமே அந்த நாக்கு நுனியில் அடங்கிவிட்டது. சுட்ட மண்ணும் காகிதக்கூழும் நுண்ணிய துவாரங்கள் நிரம்பிய பதார்த்தங்கள். அவை ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதனால்தான் நாக்கைப் பிடிக்கின்றன, வர்ணத்தையும் அவ்வாறே பிடித்துக்கொள்கின்றன. பிளாஸ்டிக்கோ தாமரை இலையின் தூரத்து உறவு. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் ஆசை மிகுந்தவை. பிளாஸ்டிக் அவற்றை இழுக்கும் இழுப்பு அதைவிடக் குறைவு. எனவே அதன்மேல் இட்ட நீர்த்த வர்ணம் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு நின்றுவிடுகிறது. அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசையும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டியதில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரிலே பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவி, அதன்மேல் பிரைமர் என்னும் முதற்பூச்சைக் கொடுத்துவிட்டால், பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளவும் அடுத்த வர்ணத்துக்கு இடங்கொடுக்கவும் வல்லதொரு சொரசொரப்பான தோல் அதற்கு உண்டாகிவிடும்.

பொம்மைக்காரரும் முதற்பூச்சுக் கொடுக்கிறார். ஆனால் அவருடையது சாக்குப் பொடியைப் பசையில் குழைத்த வெள்ளை. அந்த வெள்ளை ஏன் வெள்ளையாயிருக்கிறது என்று கேட்டால், எங்கள் ஊர்ச் சர்க்கரை எழுந்து நின்று சாட்சி சொல்லும். சர்க்கரைப் பரல் ஒன்றைத் தனியே எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டுபோல் தெளிவாயிருக்கும். அதே சர்க்கரையைக் குவித்தால் வெண்மை. பரலுக்கும் பரலுக்கும் இடையே காற்று இருப்பதனால், ஒளி ஒவ்வொரு பரலிலும் நுழையும்போதும் வெளியேறும்போதும் சற்றே வளைந்தும் சற்றே திரும்பியும், ஆயிரம் முகங்களில் அலைக்கழிந்து, எல்லா நிறங்களும் கலந்தபடியே நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. குவியலின்மேல் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றினால், கரைவதற்கு முன்பே அது மங்கிக் கண்ணாடித் தன்மை அடைவதைக் காணலாம். சர்க்கரையின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5; காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33. வித்தியாசம் குறையக் குறைய ஒளி அலைக்கழிவதும் குறையும், வெண்மையும் போய்விடும். சாக்குப் பொடியும் இதே ரகந்தான். உலர்ந்திருக்கும்போது வெள்ளை, வார்னிஷ் குடித்தால் மங்கல். ஆதலால்தான் இக்காலத்து வர்ணக்காரர்கள் 2.7 என்ற விலகல் எண்ணுடைய டைட்டானியம் டை ஆக்சைடைப் பிரயோகிக்கிறார்கள்; பிசினுக்குள் மூழ்கடித்தாலும் அது வெள்ளையாகவே இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் இல்மனைட் என்ற கன்னங்கரேலென்ற மணல், இந்தத் தூவெள்ளைப் பொடிக்கு மூலப்பொருள்களில் ஒன்று என்பது எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கையாகவே தோன்றும்.

வெண்மையைப் பற்றி இவ்வளவு தூரம் உபந்நியாசம் செய்துவிட்டு, அதே வெண்மை எங்களைக் கவிழ்த்த கதையைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. விரைவு முறையிலே முதற்பூச்சு கறுப்பாக இருக்க வேண்டும். டப்பாவை அமுக்கினால் புகைபோல் பீறிட்டு வரும் ஸ்பிரே வர்ணம் அதற்கு உசிதம். அன்று சாயங்காலம் ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கொல்லைப்புறத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, முதல் அறுபது காய்களை நிறுத்தி, நானே டப்பாவை எடுத்து அடித்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், கறுப்புக் கப்பல்கள் விபூதி பூசியவைபோல் சாம்பல் படர்ந்து நின்றன! டப்பாவிலிருந்து வெளிப்படும் வாயுவும் கரைப்பானும் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை வாங்கிக்கொண்டு போகின்றன. வர்ணப் படலம் குளிர்ந்துவிடுகிறது. கடலோரத்து ஈரக் காற்றோ சற்றுக் குளிர்ந்தாலும் தண்ணீரைக் கக்கிவிடத் தயாராயிருப்பது. பனிக்கட்டி போட்ட தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல வர்ணத்தின்மேல் நுண்திவலைகள் படிந்து, அவை உலர்ந்துபோன இடங்களில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களும் துளைகளும் எஞ்சி, சர்க்கரைக் குவியல் செய்த வேலையை அவை செய்துவிட்டன. மறுநாள் பதினொரு மணி வெயிலில் இன்னொரு முறை மெல்லியதாக அடித்ததும் பெரும்பாலானவை கறுத்தன. உச்சி வெயிலில் அடித்தால் வேறு உபத்திரவம்: வர்ணத் துளி காற்றிலேயே காய்ந்து, தவிடு தூவியதுபோல் வந்து விழும்.

கறுப்புப் பூச்சின்மேல் அடுத்துச் செய்வதை இவ்வித்தையில் பழகியவர்கள் ‘டிரை பிரஷ்’ என்கிறார்கள். அகன்ற பிரஷ்ஷைச் சாம்பல் வர்ணத்தில் தொட்டு, பழந்துணியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும் அந்த மயிர்க்கற்றையால் கப்பலைப் பெருக்குவதுபோல் விரைந்து தட்ட வேண்டும். ரூபாய்க் காசின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துச் சிங்கத் தலையைப் பிரதியெடுத்த ஞாபகம் நம்மில் பலருக்கு இருக்கும். மேடுகள் மட்டும் பதியும், பள்ளங்கள் வெறுமையாயிருக்கும். இங்கேயும் அவ்வாறே, பார்த்துப் பார்த்து ஒரு கோடும் போடாமல், கப்பலின் ஒவ்வொரு விளிம்பும் தகட்டு வரம்பும் தானாக வெளுத்து எழும்புகின்றன. முதலில் சாம்பல்; பின்பு இன்னும் குறைவாக, உச்சிகளில் மாத்திரம் வெள்ளை. சாம்பல் எவ்வளவு இருட்டாக இருக்க வேண்டுமென்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விழுந்த ஒளியில் பாதியைத் திருப்பியனுப்பும் சாம்பல் நம் கண்ணுக்கு நடுநிலையாகத் தோன்றுவதில்லை, வெளிறியே தெரியும். ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பியனுப்புவதைத்தான் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நட்டநடுவில் நிற்பதாகக் கண் ஒப்புக்கொள்கிறது.

நிழல் தானாக விழும்போது அதை வேறு வர்ணத்தில் எதற்காகத் தீட்ட வேண்டும்? இந்தக் கேள்வி எனக்கும் எழுந்தது. ஆகாயத்தில் மிதக்கும் மெய்யான கலத்தின்மேல் விழுவது சூரிய ஒளி. பூமியின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது சூரியபிம்பத்தின் அகலம் அரை டிகிரிதான். அத்தனை சிறிய விளக்கிலிருந்து வரும் ஒளி கத்தியால் நறுக்கியதுபோல் நிழலைப் போடும். ஒளியைச் சிதறடித்து நிழலுக்குள் அனுப்பக் காற்றும் அங்கே கிடையாது. எங்கள் கூடத்து மேஜைக்கு மேலே நாலடி நீள டியூப்லைட். கப்பலிலிருந்து பார்த்தால் அது சூரியபிம்பத்தைவிடப் பன்மடங்கு நீண்டு நிற்கும். நாலா பக்கத்துச் சுவர்களும் வேறு ஒளியைத் திருப்பித் தருகின்றன. அத்தகைய வெளிச்சத்தில் 0.3 மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளத்துக்கு நிழல் ஏது? போதாக்குறைக்கு, அரை மீட்டர் தொலைவில் நல்ல கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவே ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். பள்ளம் கண்ணின் எல்லையிலேயே ஊசலாடுகிறது. எனவே இருட்டை வர்ணத்தில் கடன் வாங்கித்தான் ஆகவேண்டும்.

இனி வருவதுதான் விரைவின் இரகசியம். கறுப்பு வெள்ளைப் புகைப்படம்போல் நிற்கும் கப்பலின்மேல், ஒளி ஊடுருவும் நீலத்தையோ சிவப்பையோ ஒரே முறை, தாராளமாக, நனையும்படி பூசிவிட வேண்டியது. இங்கிலாந்திலுள்ள கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனியார் 2019-இல் ‘கான்ட்ராஸ்ட்’ என்ற பெயரில் இத்தகைய வர்ணங்களை வெளியிட்ட பிறகு இந்த முறை உலகெங்கும் பரவியது. பூசிய மாத்திரத்தில் எல்லா இடத்திலும் ஒரே நீலந்தான். பையனும் நானும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்திருந்தோம். பத்து இருபது விநாடிக்குள், எவரும் தொடாமலே, இறக்கைகளின் விளிம்புகளிலிருந்து நீலம் பின்வாங்கத் தொடங்கியது; தகடுகளுக்கு இடைப்பட்ட கீறல்களுக்குள் அது போய்ப் போய்த் தங்கி, அங்கே மை இட்ட கண்ணைப்போல் இருண்டது. பிரஷ்ஷினால் இழுத்திருந்தால் அரை நாள் பிடிக்கும் கோடுகள் அவை.

தண்ணீர் பள்ளத்தை நாடி ஓடுவது உலக இயல்புதானே என்று எண்ணிவிடக் கூடாது. அது பூமியின் இழுப்பினால் நடப்பது. கப்பலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பூசினாலும் வர்ணம் கீறலுக்குள்தான் போகிறது! பெரிய உருவங்களின் உலகத்தில் புவியீர்ப்பு ராஜா. சிறிய உருவங்களின் உலகத்தில் நீர்ப்பரப்பின் இழுவிசை ராஜா. இரு ராஜ்யங்களுக்கும் எல்லைக்கல் நாட்டியிருக்கும் இடம், தண்ணீரைப் பொறுத்தவரையில், 2.7 மில்லிமீட்டர். அதற்கு மேற்பட்டால் குட்டை தட்டையாகப் பரவும். அதற்குக் கீழே துளி தன் எடையை லட்சியம் செய்யாமல் உருண்டையாய் நிற்கும். 0.3 மில்லிமீட்டர்க் கீறலில் புவியீர்ப்பின் செல்வாக்கு, இழுவிசையின் செல்வாக்கில் ஏறத்தாழ 80-இல் ஒரு பங்குக்குத் தேய்ந்துவிடுகிறது. தாமஸ் யங் 1805-இலும், லாப்லாஸ் அதற்கடுத்த ஆண்டிலும் கண்டு சொன்ன விதியின்படி, வெளிப்புறமாகக் குவிந்த நீர்ப்பரப்பின் கீழே அழுத்தம் அதிகம், உட்குழிந்த பரப்பின் கீழே குறைவு. கப்பலின் கூர்மையான விளிம்பின்மேல் போர்த்திய வர்ணப் படலம் குவிந்தது. கீறலில் தேங்கியதோ குழிந்தது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வர்ணம் தானே பெயர்ந்து செல்கிறது. பையனுடைய கப்பல்களுக்கு ஓவியன் தண்ணீர்தான்; பிரஷ் பிடித்தவன் அதற்குத் தொட்டுக் கொடுத்த எடுபிடி. வர்ணத்தில் ஒரு துளி பாத்திரம் துலக்கும் சோப்பைக் கலந்தால் இழுவிசை குறைந்து, மூலை முடுக்கெல்லாம் எளிதாக நனையும் என்பதையும் இந்த எடுபிடி தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இதே தண்ணீர் சில இடங்களில் வம்பும் செய்யும். மேஜைமேல் சிந்திய காபித் துளி உலர்ந்தால் நடு வெளிறி ஓரத்தில் கரையிட்டதுபோல் வளையம் நிற்பதைப் பார்க்காத வீடு நம்மிடையே இருக்க முடியாது. அதன் காரணத்தைச் சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த டீகனும் அவருடைய சகாக்களும் 1997-இல்தான் தெளிவாக விளக்கினார்கள். துளியின் ஓரம் மெல்லியதானபடியால் அங்கே ஆவியாதல் மும்முரம். ஓரமோ இடம்விட்டு அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இழந்த நீரை ஈடு செய்ய நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடும். ஓடுகிற நீர் காபித் துகளையும் இழுத்துக்கொண்டு போய் அங்கே சேர்த்துவிடும். கப்பலின் அகன்ற சமதளமான முதுகிலும் இப்படியே அழுக்குக் கரை விழுகிறது. பரிகாரம் சுலபம்: பிரஷ்ஷைக் கழுவி உதறி, ஈரம் மட்டும் இருக்கும் நுனியால் தேங்கியதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். காய்ந்து பாதியானதைத் தொட்டுவிட்டால் மாத்திரம் படலம் கிழிந்து பொருக்குத் தட்டிவிடும். தொடாமலிருப்பது பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எவ்வளவு கடினம் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

எஞ்சியது வரிசை முறை. அதைப் பண்ருட்டித் திண்ணையிலேயே கண்டுகொண்டோம். பொம்மைக்காரர் ஒரு பிள்ளையாரை முடித்துவிட்டு அடுத்த பிள்ளையாரைத் தொடுவதில்லை. எல்லாப் பிள்ளையாருக்கும் வேட்டி, பிறகு எல்லாருக்கும் கிரீடம், கடைசியாக எல்லாருக்கும் கண். அறுபது காய்களுக்கு ஐந்து படி வேலை, படிக்கு ஒரு நிமிஷம், ஒவ்வொரு தடவையும் பிரஷ் கழுவி வர்ணம் மாற்ற ஒரு நிமிஷம் என்று கொண்டால், காய் காயாகச் செய்யும்போது பத்து மணி நேரம். படி படியாகச் செய்தால் பிரஷ் மாற்றுவது ஐந்தே தடவை, ஆக ஐந்து மணி நேரமும் ஐந்து நிமிஷமும். அறுபதாவது காயைக் கீழே வைக்கும்போது முதலாவது காய் உலர்ந்து காத்திருக்கும் என்பது மேற்கொண்டு லாபம்.

நடுவிலே பையன், “நெஜமான ராக்கெட்டெல்லாம் என்ன கலர் தாத்தா?” என்று கேட்டான். சந்திரயான்-3 சந்திரனில் இறக்கிய விக்ரம் கலத்தின் பொன்னிறம், சூட்டைத் தடுக்கப் போர்த்திய மெல்லிய படலத்தின் நிறம். அழகுக்காகப் பூசியது அன்று. அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் 1981-இல் முதலிரண்டு தடவை பறந்தபோது அதன் பெரிய எரிபொருள் தொட்டிக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். அந்த வெள்ளையின் எடை மட்டுமே ஏறத்தாழ 270 கிலோ என்பதால், மூன்றாந்தடவையிலிருந்து அடிப்பதையே விட்டுவிட்டார்கள், தொட்டி தன் சுயமான ஆரஞ்சு நிறத்திலேயே பறந்தது. இதைக் கேட்டதும் பையன், அப்படியானால் மிச்சமுள்ள காய்களுக்குப் பூசாமலே விட்டுவிடலாமே என்று யோசித்ததை நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

எட்டாம் நாள் இரவுக்குள் ஏறக்குறைய முழுப் படையும் முடிந்துவிட்டது. என் மனைவி கொலுவின் கீழ்ப்படியில் பூங்கா வைக்க வேண்டிய இடத்தைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தாள். செட்டியார் பொம்மையின் அரிசிக் கடைக்கு எதிரே ஆறு நிறக் கப்பல்கள் அணிவகுத்தன. மறுநாள் சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடும் அரிவாள்மணையோடும் எங்களுடைய பிரஷ்களும் சந்தனம் குங்குமம் இடப்பெற்றுப் பூஜையில் ஏறிய பிறகுதான், பெட்டியின் மூலையில் பெரிய கலங்கள் இரண்டு வெறும் பிளாஸ்டிக்காகவே கிடப்பதைப் பையன் கண்டுபிடித்தான். ஒரே ஒரு பிரஷ்ஷை எடுத்துத் தரும்படி பாட்டியிடம் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தான். விஜயதசமிக்கு முன்னால் பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். விஜயதசமியன்று காலை ஏழு மணிக்கு அவனுக்கு ரயில்.